எக்ஸ்போஷருக்கு ஓர் உரை

என் மாமனார் முப்பத்தைந்து வருடம் தமிழாசிரியராக இருந்தவர். மலைச்சாரலில் ஒரு குரங்கு பலாப்பழத்தைத் தோண்டினால், அதற்கும் தலைவன் கல்யாணத்தைத் தள்ளிப்போடுவதற்கும் என்ன சம்பந்தம் என்று அரைமணி நேரம் உள்ளுறை சொல்வார். அப்படிப்பட்டவர் போன மாதம் மூன்றே சொல்லில் வந்த ஒரு வாட்ஸ்அப் செய்தியிடம் தோற்றுப்போனார். எல்.கே.ஜி. சேர்க்கைக்கு நாங்கள் போய்வந்த சென்னைப் பள்ளி ஒன்றிலிருந்து வந்தது அது: ‘நீட்ஸ் மோர் எக்ஸ்போஷர்.’

“என்ன மாப்பிள்ளை, குழந்தைக்கு வெயில் படணுமாமா?” என்றார்.

நடந்தது இதுதான். ஏ.சி. அறை. சிவப்பு நிறத்தில் குட்டி நாற்காலிகள். மேசைமேல் ஒரு கூடை, அதில் பிளாஸ்டிக் பழங்கள். எதிரே உட்கார்ந்திருந்த மேடம் ஒரு வாழைப்பழத்தை எடுத்து நீட்டி, “வாட் இஸ் திஸ்?” என்றார். என் மூன்றரை வயது மகள் அதை வாங்கினாள், முகர்ந்தாள், நகத்தால் கீறிப் பார்த்தாள். “இது பொய்ப் பழம்” என்றாள்.

பார்த்து, முகர்ந்து, சோதித்து, முடிவு சொல்லிவிட்டாள். இதையே கல்லூரியில் செய்தால் ஆராய்ச்சி என்று பட்டம் கொடுப்பார்கள். மேடம் பழத்தைக் கூடையில் வைத்துவிட்டு ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு பாப்பா பக்கம் திரும்பவே இல்லை. அப்பாவுக்கு எங்கே வேலை, அம்மா வேலைக்குப் போகிறாரா, வீடு சொந்தமா வாடகையா, வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள், எந்த ஏரியா... “பூர்வீகம் எந்த ஊர்?” என்றும் கேட்டார். அதை ஏன் கேட்கிறார்கள் என்று இந்த ஊரில் யாருக்கும் உரை தேவைப்படாது.

இதற்கு இன்டர்வியூ என்று பெயர் இல்லை. இன்டராக்‌ஷன். இன்டர்வியூ வைக்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறதல்லவா? 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 13-ஆம் பிரிவு. குழந்தையையோ பெற்றோரையோ வடிகட்டினால் முதல் தடவை 25,000 ரூபாய் வரை, அடுத்த ஒவ்வொரு தடவைக்கும் 50,000 வரை அபராதம். நாங்கள் போன பள்ளியில் ஒரு டேர்ம் ஃபீஸே அந்த 25,000-ஐவிட அதிகம். அபராதம் கட்டுவதென்றாலும் ஒரு குழந்தையின் ஒரு டேர்மில் கட்டிவிட்டு மிச்சத்துக்கு இன்னும் நாலு பிளாஸ்டிக் பழம் வாங்கலாம்.

ஆனால் கட்டவே வேண்டியதில்லை. அதே சட்டம் ‘குழந்தை’ என்றால் 6 வயது முதல் 14 வயது வரை என்று வரையறுத்து வைத்திருக்கிறது. என் மகளுக்கு மூன்றரை. சட்டத்தின் கண்ணுக்கு அவள் இன்னும் குழந்தையே ஆகவில்லை. இந்த ஓட்டையைக் காட்டித்தான் 2013-இல் தில்லி உயர் நீதிமன்றம், நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்கான 25 சதவீத ஒதுக்கீட்டு இடங்கள் தவிர மற்ற மழலையர் சேர்க்கைக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்றது. வேண்டுமானால் அரசு சட்டத்தைத் திருத்திக்கொள்ளட்டும் என்றும் சொன்னது. வடிகட்டுவது நடப்பதே எல்.கே.ஜி. வாசலில்தான். அந்த ஒரு வாசலுக்கு மட்டும் பூட்டுப் போட மறந்த நம் மக்கள் பிரதிநிதிகளின் ஞாபகசக்தியை எந்த மேடமாவது சோதித்தால் தேவலை.

தாழ்வாரத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஆட்டோ ஓட்டுகிறவர். அந்த 25 சதவீதத்தில் ஆன்லைனில் விண்ணப்பித்து, குலுக்கலில் பெயர் வந்தவர். அவருக்கு இன்டராக்‌ஷன் கிடையாது, இருக்கவும் கூடாது. ஆனாலும் உள்ளே கூப்பிட்டார்கள். வெளியே வந்து என்னிடம், “சீட்டு இருக்காம் சார். ஆனா நம்ம புள்ளைக்கே கஷ்டமா இருக்கும்ங்கிறாங்க. மத்த பசங்களோட ஒட்டாதாம். யோசிச்சு சொல்லுங்கன்னு ரொம்ப தன்மையா சொன்னாங்க” என்றார். ‘தன்மையா’ என்பதை இரண்டு தடவை சொன்னார். கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருந்தால் மனுஷன் திருப்பிச் சண்டையாவது போட்டிருப்பார். பையனுக்கு அந்தக் கூடையிலிருந்து ஒரு ஆப்பிள் காட்டினார்களா என்று கேட்டேன். இல்லையாம்.

மற்ற செய்திகளுக்கு எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பிலேயே உரையாசிரியர்கள் உண்டு. ‘வெயிட்டிங் லிஸ்ட்’ என்றால் கரெஸ்பாண்டன்ட்டைப் பார். ‘வி வில் கெட் பேக்’ என்றால் பார்க்கவே வேண்டாம். ‘கொஞ்சம் ஷை’ என்றால் அப்பாவின் இங்கிலீஷ் சரியில்லை. எக்ஸ்போஷருக்கு மட்டும் பாடபேதம் இருந்தது. மூன்றாவது மாடிக்காரர் ஒன்றரை லட்சம் என்றார், ஐந்தாவது மாடிக்காரர் இரண்டு.

ஐந்தாவது மாடி சொன்னதுதான் சரி. கொடுத்தேன். மாமனாரிடம் சொல்லவில்லை. மூன்றாம் நாள் இன்னொரு செய்தி வந்தது: ‘வெரி ப்ரைட் சைல்ட். வெல்கம் டு அவர் ஃபேமிலி.’ இடையில் இருந்த இரண்டு நாளும் பாப்பா காய்ச்சலில் படுத்திருந்தாள். எக்ஸ்போஷர் எந்த வழியாக ஏறியதோ.

நன்கொடை வாங்கக்கூடாதென்று தமிழ்நாட்டில் 1992-லேயே சட்டம் போட்டாயிற்று. அதனால் யாரும் வாங்குவதில்லை, நாம்தான் கொடுக்கிறோம். அலுவலகத்தில் ஒரு தாளை நீட்டினார்கள். ‘யாருடைய வற்புறுத்தலும் இன்றி, பள்ளியின் வளர்ச்சிக்காக மனமுவந்து’ என்று அழகான தமிழில் அச்சடித்திருந்தது. அந்தக் கட்டடத்துக்குள் நான் பார்த்த ஒரே தமிழ். பெயருக்கும் தொகைக்கும் மட்டும் இடம் விட்டிருந்தார்கள்.

கையெழுத்துப் போடப் பேனா கேட்டேன்.

“கொண்டு வரலையா சார்?” என்றார் கிளார்க்.