உள்ளே வர இலவசம்: கிளவுட் நிறுவனத்துக்கு ஒரு பனியன் கம்பெனியின் பணிவான விண்ணப்பம்

அனுப்புநர்: சின்ன பனியன் கம்பெனி ஓனர், திருப்பூர்.
பெறுநர்: உயர்திரு கிளவுட் நிறுவனத்தார். (விலாசமும் போன் நம்பரும் எங்கேயும் கிடைக்கவில்லை.)

மாண்புமிகு ஐயா அல்லது அம்மணி அல்லது ரோபோ அவர்களுக்கு,

வணக்கம். (வெளியே போகிற டேட்டா. பில்லில் சேர்த்துக்கொள்ளவும்.)

போன வெள்ளிக்கிழமை ராத்திரி எங்கள் கணக்கை முடக்கியருளியதற்கு நன்றி. சொல்லாமல் செய்துவிட்டீர்கள் என்று யாரும் பழி போட முடியாது. முறையாக மெயில் அனுப்பியிருக்கிறீர்கள், முடக்கிய அதே கணக்கில் இருக்கும் மெயில் பெட்டிக்கு. அதைத் திறக்க ஓடிபி வேண்டும். ஓடிபியும் அதே பெட்டிக்குத்தான் வரும். பீரோவைப் பூட்டிச் சாவியை உள்ளேயே போடும் வித்தையைத் தங்களிடம்தான் கற்க வேண்டும்.

முடக்கிய காரணமும் தெரிந்தது. ஐரோப்பிய பையர் ஆபீஸில் எங்கள் சாம்பிள் படங்களை ஆசை ஆசையாக டவுன்லோடு செய்திருக்கிறார்கள். டேட்டா உள்ளே வர இலவசம், வெளியே போகக் காசு என்பது தங்கள் தர்மம். அதனால் பில் முதன்முறையாக 15,000 ரூபாயைத் தாண்டியது. ரிசர்வ் வங்கி விதிப்படி அந்தத் தொகைக்கு மேல் கார்டிலிருந்து தானாகப் பணம் எடுக்க முடியாது, ஒவ்வொரு தடவையும் எங்கள் சம்மதம் வேண்டும். வங்கி மறுத்தது. ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் அன்றைக்கே கட்டியிருப்போம். போன் போடுவது தங்கள் தகுதிக்குக் குறைவு என்பதை அறிவோம்.

சாட்டில் தங்கள் ரோபோ எவ்வளவு பண்பாகப் பேசியது! “உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது” என்றது. (புரிதல் உள்ளே வருவது, இலவசம்.) மனுஷரிடம் பேச வேண்டும் என்றேன். அதற்குத் தனி பிளான் இருக்கிறதாம். பிளான் வாங்க லாகின் செய்ய வேண்டுமாம்.

இதற்கிடையே எங்கள் வெப்சைட் இருந்த இடத்தில் ‘இந்தக் கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது’ என்று தங்கள் அறிவிப்பு. அதைப் பார்த்த பையர் வாட்ஸப்பில் கேட்டார்: “கம்பெனியை மூடிட்டீங்களா?” வருஷக்கணக்காகச் சம்பாதித்த பெயருக்கு ஒரே வரியில் இரங்கல் எழுதிய தங்கள் கைக்குத் தங்கக் காப்பு போடலாம்.

மறுநாள் சனிக்கிழமை. திருப்பூரில் அது சம்பள நாள். யார் எத்தனை பீஸ் தைத்தார்கள் என்ற கணக்கு முழுக்கத் தங்களிடம். ஓவர்லாக் அடிக்கிற அக்கா, செக்கிங் பொண்ணுங்க, பேக்கிங் பையன்கள் எல்லாரும் சாயங்காலம் வரிசையில் நின்றார்கள். அரிசி வாங்க வேண்டியவர்கள், வாடகை கட்ட வேண்டியவர்கள், ஒடிசாவில் இருக்கும் அம்மாவுக்குப் பணம் அனுப்ப வேண்டியவர்கள். அவர்களிடம் சர்வர், கார்டு என்று என்ன கதை சொல்வது? ஐயாவும் வேண்டாம், அம்மணியும் வேண்டாம். உழைத்தவன் கூலிக் கணக்கைப் பூட்டி வைக்க நீங்கள் யார்? கடைசியில் காண்டிராக்டர் சட்டைப் பையில் வைத்திருந்த கணக்கு நோட்டுதான் எங்கள் மானத்தைக் காப்பாற்றியது.

மன்னிக்கவும், குரல் உயர்ந்துவிட்டது. (வெளியே போன சத்தம். ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்துக்கொள்ளவும்.)

தங்கள் ஒப்பந்தத்தை இப்போதுதான் வரிவரியாகப் படித்து மகிழ்ந்தேன். மாதத்தில் 99.9 சதவீத நேரம் சேவை உண்டு என்ற உறுதிமொழி. அதாவது ஏறக்குறைய 43 நிமிஷம் படுத்துக்கொள்ளத் தங்களுக்கு உரிமை உண்டு. அதற்கு மேல் படுத்தால், நாங்கள் மனுப் போட்ட பிறகு, அடுத்த பில்லில் கொஞ்சம் கழிவு. ஆனால் தாங்களே முடக்கிய நேரம் அந்தக் கணக்கில் வராது. ஆக, வரிசையில் ஆட்கள் நின்ற அந்தச் சாயங்காலமும் தங்கள் ஏட்டில் சேவை அமோகமாக நடந்திருக்கிறது. வாழ்த்துகள். (இதற்கும் காசு உண்டு.)

பெரியவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் தடையைக் காட்டி நயாரா எனர்ஜி நிறுவனத்துக்கு மைக்ரோசாஃப்ட் சேவையை நிறுத்தியது. அவர்கள் டெல்லி உயர் நீதிமன்றம் போனார்கள். சேவை திரும்ப வந்தது. குஜராத்தில் எண்ணெய் ஆலை வைத்திருப்பவர்கள் போகலாம். நாங்கள் டெல்லி போய் வரும் செலவுக்குத் தங்களுக்கே இன்னும் சில மாதம் பில் கட்டிவிடலாம்.

விட்டுப் போய்விடலாம் என்று பார்த்தால் அதிலும் தங்கள் குலத்தாரின் கருணை பெரிது. 2024இல் கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட் மூவரும் மொத்தமாகக் கிளம்புகிறவர்களுக்கு வெளியேறும் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தார்கள். இருந்து தொழில் செய்கிறவனுக்கு மீட்டர் ஓடும், மூட்டை கட்டுகிறவனுக்கு இலவசம். குடியிருக்கும் எங்களையும் கொஞ்சம் கவனிக்கக் கூடாதா?

என் கோரிக்கைகள் மூன்றுதான். முடக்குவதற்கு முன்னால் ஒரு மனுஷர் எங்களுக்குப் போன் செய்ய வேண்டும். முடக்கினாலும் எங்கள் கணக்குகளைப் படித்து நகல் எடுக்க விட வேண்டும். பில் பாக்கியைப் பற்றிப் பேச லாகின் கேட்கக் கூடாது.

இவை நடக்கும்வரை, இதைப் படிக்கும் சக தொழில்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 2024 மே மாதம் கூகுள் கிளவுடில் நேர்ந்த ஒரு தவறால் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியத்தின் கிளவுட் அமைப்பே அழிந்துபோனது. வேறொரு நிறுவனத்தில் வைத்திருந்த நகலும் மீளக் கைகொடுத்தது. 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜான் நகரில் அரசு டேட்டா சென்டர் எரிந்தது. அரசு ஊழியர்களின் 858 டெராபைட் கோப்புகளுக்கு வெளியே நகல் இல்லை, போனது போனதுதான். எனவே சம்பளக் கணக்கையும் பையர் ஆர்டரையும் வாரம் ஒருமுறை இறக்கி ஒரு ஹார்டு டிஸ்கில் வையுங்கள். நிர்வாக மெயிலை அதே கணக்கில் வைக்காதீர்கள். கிளவுடுக்கு வாடகை கொடுங்கள், குடுமியைக் கொடுக்காதீர்கள்.