தேய்க்காதே!

கலிஃபோர்னியாவில் எந்த நாணயக் கண்காட்சிக்குப் போனாலும் பழைய தங்கக் காசு சேகரிக்கும் இவரைப் பார்க்கலாம். அறுபதைத் தாண்டிய வயது, கழுத்தில் தொங்கும் குட்டி லென்ஸ். பேரனின் பிறந்த நாளைக் கேட்டால் மனைவியைத் திரும்பிப் பார்ப்பார். ஜேம்ஸ் மார்ஷல் தங்கம் கண்டெடுத்த நாளைக் கேளுங்கள்: 1848, ஜனவரி 24, சட்டரின் மர அறுவை ஆலை. மூச்சு விடாமல் வரும்.

அந்தத் தங்க வேட்டைக் காலத்தில், 1854-இல் சான் பிரான்சிஸ்கோவில் அரசு நாணயச் சாலை திறக்கும்வரை அங்கே தனியார் கம்பெனிகளும் தங்கக் காசு அடித்துத் தள்ளின. பால்ட்வின் கம்பெனிக் காசில் தங்கம் குறைகிறது என்று 1851-இல் குட்டு வெளிப்பட்டதும் ஊரே அதைக் கையால் தொட மறுத்தது. பெரும்பாலானவை உலைக்குப் போயின. தப்பிய ஒன்று ஏலத்துக்கு வந்தால் நம்மவர் வீட்டை அடகு வைக்கவும் தயார். ஊரை ஏய்த்த காசுக்கு இப்படியொரு மரியாதை!

5 டாலர் காசு எதைக் கண்டாலும் ஓரத்தை மட்டும் பிடித்து, விளக்கடியில் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். கழுகுக்குக் கீழே பொடியாக ஓர் 'எஸ்' இருக்கிறதா? மறுபக்கம் 1854 என்று இருக்கிறதா? சான் பிரான்சிஸ்கோவில் அந்த வருஷம் அடித்தவை மொத்தமே 268. இன்று தெரிந்தவை ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். இருந்தும் பார்ப்பார்.

வாங்கிய காசைத் தர மதிப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்புவார். அவர்கள் 70-க்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் உறையில் அடைத்து அனுப்புவார்கள். 58 வந்துவிட்டால் சோறு இறங்காது. உறையை உடைத்து, மறுகூட்டலுக்கு எழுதிப்போடும் பிளஸ் டூ மாணவனைப் போல மறுபடியும் அனுப்புவார்.

ஒருநாள் மருமகள், பாவம், உறையில்லாமல் கிடந்த 20 டாலர் காசை வெள்ளிச் சாமான் துலக்கும் பசை போட்டுப் பளபளவென்று தேய்த்து வைத்தார். சேகரிப்பவர்களிடம் தேய்த்த காசுக்கு மவுசு குறைந்துவிடும். மனிதர் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

மூன்றாம் நாள் தானே பேச்சை ஆரம்பித்தார். 1857 புயலில் மூழ்கிய 'சென்ட்ரல் அமெரிக்கா' கப்பலிலிருந்து பின்னாளில் ஆயிரக்கணக்கில் தங்கக் காசுகளை எடுத்தார்களே, அதில் ஒன்று தன் பெட்டகத்தில் இருக்கிறது என்று கொண்டுவந்து காட்டினார். அப்போதுதான் அடித்த காசு மாதிரி மின்னியது.

“கடலுக்கடியில் துரு படிந்திருக்காதா?” என்றார் மருமகள்.

“படிந்திருந்தது. நிபுணர்கள் ரசாயனத்தில் ஊறவைத்து எடுத்துவிட்டார்கள்.”

“அப்போ அதுவும் துலக்கியதுதானே, மாமா?”

“அது பராமரிப்பு” என்று சொல்லிவிட்டுப் பெட்டகத்தைப் பூட்டினார்.