மொட்டையும் முடியும்

சித்தூரில் ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர். வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு, வங்கிக்கு எழுதினால் இங்கிலீஷ். வட ஆற்காட்டிலும் கடப்பையிலும் இருந்து தாலுகாக்களைப் பிரித்து 1911இல் உண்டாக்கிய மாவட்டம் அது. 1960இல் திருத்தணி இன்றைய தமிழ்நாட்டுக்குப் போனது. மனிதர் நாக்கில் மட்டும் யாரும் எல்லைக்கல் நடவில்லை. ஆகவே திருப்பதியில் வேலை பார்க்கும் தங்கை மகன் பழைய லேப்டாப்பில் உபுண்டு போட்டுக் கொடுத்தபோது, மூன்று மொழியிலும் தட்டச்ச வேண்டும் என்றார்.

இரண்டு ஊருக்கும் இடையில் சுமார் 70 கிலோமீட்டர். போனில் “மேலே வலப்பக்கம் கிளிக் பண்ணுங்க” என்றால் பத்து நிமிஷச் சண்டை. “டெர்மினலைத் திறங்க மாமா, சொல்றத அப்படியே அடிங்க” என்றால் சண்டை கொஞ்சம் குறையும்.

2011இல் குனோம் 3 என்ற திரைமுகப்பு வந்ததிலிருந்து எழுத்தளவு, கடிகாரம், விசைப்பலகை என்று நம் விருப்பமெல்லாம் டிகான்ஃப் என்ற கிடங்கில் கிடக்கிறது. அதன் கோப்பை நேரே திறந்தால் கிறுக்கல்தான் தெரியும். ஜிசெட்டிங்ஸ் என்ற தரகரிடம்தான் பேச வேண்டும். எழுத்தை ஒன்றரை மடங்காக்கச் சொன்னார், உடனே வீங்கியது. ஆசையில் 5 என்றார். 3க்கு மேல் கிடையாது என்று மறுத்துவிட்டது. சொன்னதைச் செய்தால் மௌனம், பிசகினால் மட்டும் பேச்சு.

“குழம்பு நல்லா இருந்தா நீங்க வாயைத் திறக்கறீங்களா?” என்றார் மனைவி.

எந்த விருப்பத்துக்கு என்ன பெயர் என்று பட்டியல் கேட்டால் வரிகள் ஓடிக்கொண்டே இருக்கும். திருப்பதியில் மொட்டையைத் தேடுகிற வேலை. தேடிப் பொறுக்கித் தரும் கிரெப் இல்லாவிட்டால் ஆகாது.

அடுத்து மொழிகள். கட்டளையில் ரெட்டை மேற்கோள், சதுர அடைப்பு, வட்ட அடைப்பு, ஒற்றை மேற்கோள் என்று திருமலை வைகுண்டம் கியூ காம்ப்ளெக்ஸ் மாதிரி அறைக்குள் அறை. தமிழையும் தெலுங்கையும் அடைத்துவிட்டு என்டரைத் தட்டினார். இங்கிலீஷ்தான் ஏற்கெனவே இருக்கிறதே!

ஆனால் அந்தக் கட்டளையில் இருந்த ‘செட்’ என்பது சேர்ப்பதில்லை. பழைய பட்டியலைத் தூக்கிவிட்டுப் புதியதை வைப்பது. இனி எதை அடித்தாலும் தமிழ், மாற்றினால் தெலுங்கு. டெர்மினலுக்கோ இரண்டும் தெரியாது.

“ரீசெட் அடிங்க மாமா.”

“எதைக் கொண்டுடா அடிக்கிறது?”

மேல் அம்பைத் தட்டினால் பழைய கட்டளை வரும் என்றான். வந்தது, இங்கிலீஷை விரட்டிய அதே கட்டளை. எல்லா விருப்பத்தையும் மொத்தமாக மொட்டை போட டிகான்ஃபில் ஒரு வரி உண்டு. அதையும் இங்கிலீஷில்தான் அடிக்க வேண்டும்.

மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார். மௌஸால் செட்டிங்ஸைத் திறந்து, கூட்டல் குறியை அழுத்தி இங்கிலீஷைச் சேர்த்துவிட்டு அடுப்படிக்குப் போனார்.

அன்று சாயங்காலம் மருமகன் ‘டம்ப்’ கற்றுக்கொடுத்தான். டிகான்ஃபில் இருக்கும் விருப்பங்களை ஒரே உரைக்கோப்பில் கொட்டி வைத்தால், பிறகு மொட்டையே போட்டாலும் ‘லோட்’ என்று சொல்லி அன்றே வளர்த்துவிடலாம். கோப்புக்குப் பெயர் தமிழிலும் வைக்கலாமாம்.

யோசிக்காமல் ‘முடி’ என்று வைத்தார்.