மோப்பம் பிடிக்க ஆள் தேவை

தம்பி, பொலிஸ் நாய் பழக்கும் வேலைக்குப் போக உனக்கு ஆசையாம். சந்தோசம். கற்பிட்டிப் பக்கம் படித்த பிள்ளைக்கு வேறென்ன காத்துக் கிடக்கிறது? கடலுக்குப் போகலாம் என்றால் எண்ணெய் விலை கரையிலேயே மடக்கிவிடுகிறது. நுரைச்சோலையில் அனல்மின் நிலையம் இருக்கிறது. மின்சாரம் நாட்டுக்கு, சாம்பல் நமக்கு என்று எப்போதோ பங்கு பிரித்தாகிவிட்டது. நாய் வேலை அப்படியல்ல. சம்பளம் உண்டு, ஓய்வூதியம் உண்டு, கூட வேலை செய்கிறவர் இலஞ்சம் வாங்கமாட்டார். இந்த நாட்டுச் சீருடைச் சேவையில் அப்படியொரு சக ஊழியர் கிடைப்பது பெரும் பாக்கியம்.

சேருகிற வழி இதுதான். முதலில் பொலிஸில் நுழையவேண்டும், பிறகு நாய்ப் பிரிவுக்குப் போகவேண்டும். தலைமையகம் கண்டி அஸ்கிரியவில். 1948இல், சுதந்திரம் கிடைத்த அதே ஆண்டில் தொடங்கிய பிரிவு. நாட்டுக்கும் அதற்கும் ஒரே வயது. எது ஒழுங்காகப் பழகியது என்பதை நீயே பார்த்துக்கொள்.

தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். மனித மூக்கில் மணம் உணரும் கலங்கள் ஐம்பது, அறுபது இலட்சம். நாய்க்கு இருபது கோடிக்கும் மேல். ஆனால் மூக்கு மட்டும் போதாது. ஒரு துவாயை இறுகச் சுருட்டி, கஞ்சாவோ வெடிமருந்தோ அதன் மணம் ஏறும்படி வைத்திருந்து, அதைக் கொண்டே குட்டியோடு விளையாடவேண்டும். பிறகு பெட்டிகளை வரிசையாக அடுக்கி, ஒன்றில் மட்டும் அந்த மணத்தை ஒளித்துவைப்பார்கள். குட்டி முகர்ந்துகொண்டே போகும். சரியான பெட்டியிடம் வந்ததும் சட்டென்று உட்காரும். உடனே துவாய் அதன் வாயில். அதற்கு ஹெரோயினும் தெரியாது, சட்டமும் தெரியாது. அது தேடுவது தன் விளையாட்டுச் சாமானை. வெடிமருந்துக்குப் பழகிய நாயோ குரைக்கவும் கூடாது, பிறாண்டவும் கூடாது. பேசாமல் உட்காரவேண்டும். உட்கார்ந்ததும் நாயின் வேலை முடிந்தது. மிச்சம் கயிறு பிடித்திருக்கிற மனிதனின் வேலை.

அந்த மிச்சத்தில்தான் தம்பி, இந்த நாடு எப்போதும் சறுக்குகிறது. 2019 ஜனவரியில் நம் மாவட்டத்து வனாத்தவில்லுவில், லக்டோவத்தைத் தென்னந்தோட்டத்தில், ஏறக்குறைய 100 கிலோ வெடிமருந்து அகப்பட்டது. மாவனல்லையில் புத்தர் சிலைகளை உடைத்தவர்களைத் தேடிப் போன குற்றப் புலனாய்வாளர்கள் மோப்பம் பிடித்து அங்கே வந்து சேர்ந்திருந்தார்கள். பழகிய நாய் உட்காருவதுபோல உட்கார்ந்து காட்டினார்கள். மேலே கயிறு பிடித்திருந்தவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. ஏப்ரல் 4ஆம் தேதி, தாக்குதல் வரப்போகிறது என்று இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்தது. அதையும் கோப்புக்குள் வைத்துக் கட்டினார்கள். ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு, குண்டுகள் வெடித்தன. 260க்கும் மேற்பட்ட உயிர்கள். முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு கட்டவேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அன்றைய பொலிஸ் மா அதிபருக்கும் உளவுத்துறைத் தலைவருக்கும் ஏழரைக் கோடி வீதம். உன் நாய் ஒரு பெட்டியைத் தவறவிட்டால் அன்றைக்குத் துவாய் கிடையாது. இவர்கள் தவறவிட்டதற்குத் தீர்ப்பு வரவே ஏறக்குறைய நான்கு ஆண்டு ஆயிற்று.

குண்டு வெடித்து முடிந்த பிறகு நாய்கள் வந்தன. வெடிக்கும் முன் ஒரு கோப்பைக்கூடத் திறக்காதவர்கள், வெடித்த பின் பள்ளிவாசல்களைத் திறந்து நாயோடு உள்ளே போனார்கள். மூன்று வாரம் கழித்து, மே 13ஆம் தேதி, ஊரடங்கு போட்டிருந்த நாளில், நம் மாவட்டத்துக் கொட்டாரமுல்லையில் கும்பல் புகுந்து ஒரு தச்சுத் தொழிலாளியை வெட்டிக் கொன்றது. அந்த நாட்களில் கடைகளை எரித்துக்கொண்டு ஊர் ஊராகப் போனவர்களின் முகங்கள் சிசிடிவியில் பளிச்சென்று இருந்தன. அவர்களைப் பிடிக்க மூக்கு வேண்டியதில்லை, கண் போதும். கண்ணைப் பழக்கும் பிரிவு அஸ்கிரியவில் இல்லைப்போலும்.

நாய் என்றதும் உம்மா முகம் சுளிப்பார். அவரோடு வாதாடாதே. ஷாஃபி மத்ஹபில் நாயின் எச்சில் பட்டால் ஏழு தடவை கழுவவேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்து. அதே மார்க்கத்தில், வேட்டைக்குப் பழக்கிய நாய் பிடித்துத் தந்ததை உண்ண அனுமதியும் உண்டு. ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளலாம். வீட்டுக்குள் நாயை விடுமுன் தொழுகை விரிப்பை எடுத்துவைக்க ஐந்து நிமிடம் தா என்று கேட்கும் பெண்ணுக்கு அந்த ஐந்து நிமிடத்தைக் கொடுக்கவேண்டும் என்பதை மட்டும் எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரமாட்டார்கள். நீயாகப் படித்துக்கொள். நாயின் எச்சில் ஏழு தடவையில் போய்விடும். சப்பாத்தோடு உள்ளே வந்து போன சட்டத்தைக் கழுவ எத்தனை தடவை வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

அடுத்தது, உன் தொழிலின் பொற்காலம். 2023 டிசம்பர் 17ஆம் தேதி ‘யுக்திய’ என்ற பொலிஸ் போதைப்பொருள் வேட்டை தொடங்கியது. நாய், துப்பாக்கி, தொலைக்காட்சிக் கமரா மூன்றும் ஒரே ஜீப்பில் வந்து இறங்கின. ஐந்து வாரத்தில் 29,000க்கும் மேற்பட்டவர்கள் கைதானதாகச் சொல்லி, இதை நிறுத்துங்கள் என்றார்கள் ஐ.நா. நிபுணர்கள். யாருடைய கதவு தட்டப்பட்டது? ஒற்றை அறை வீடு. முன்னால் கருவாடு காயும், உள்ளே அரிசிச் சாக்கு, மண்ணெண்ணெய்ப் போத்தல், பிள்ளையின் பள்ளிப் பை. நாய் பையை முகரும், பிள்ளை அழும், கமரா அதைப் படம் பிடிக்கும். கொழும்பில் கண்ணாடிக் கட்டடத்தின் மின்தூக்கியில் நாய் ஏறியதை எந்தச் செய்தியிலாவது பார்த்தாயா? நாய்க்கு மின்தூக்கி பயம் என்று நினைத்துவிடாதே. கயிறு பிடித்தவனுக்குத்தான் பயம்.

கயிறு என்ன செய்யும் என்பதற்குச் சாட்சி உண்டு. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தார் 2011இல் வெளியிட்ட ஆய்வு. பயிற்சி பெற்ற 18 நாய்களையும் அவற்றின் கையாளுநர்களையும் ஒரு தேவாலயத்துக்குள் தேடவிட்டார்கள். போதைப்பொருளோ வெடிமருந்தோ அங்கே துளியும் இல்லை. சில இடங்களில் சிவப்புக் காகிதம் ஒட்டி, அது இருந்தால் சரக்கு இருக்கும் என்று கையாளுநர்களிடம் மட்டும் சொல்லியிருந்தார்கள். 144 தேடலில் 21தான் சுத்தமாக முடிந்தன. மீதி 123இலும் ஒரு தடவையாவது ‘நாய் காட்டுகிறது’ என்றார்கள். நாய்க்குக் காகிதம் தெரியாது தம்பி. எஜமானின் மனதில் இருப்பது கயிறு வழியாக இறங்குகிறது, அல்லது நாய் காட்டாததையே எஜமானின் கண் காண்கிறது. நம் நாட்டில் அந்தச் சிவப்புக் காகிதத்தை எங்கே ஒட்டி வைத்திருக்கிறார்கள் என்று உனக்கு நான் சொல்லவேண்டுமா? கிடுகுக் கூரையில், தோட்டத்து லயத்தில், தொப்பியில், தாடியில்.

நம் கரையையே எடுத்துக்கொள். தூத்துக்குடிப் பக்கமிருந்து பீடி இலை மூட்டை வரும், கேரள கஞ்சா வரும். இறக்குமதியைத் தடுத்து மஞ்சளைத் தங்கமாக்கினார்கள். உடனே மஞ்சளும் வள்ளம் ஏறியது. குழம்புக்குப் போடும் மஞ்சளைக் கடத்தல் பொருளாக்கிய பெருமை நம் அரசுக்கே உரியது. பிடிபடுகிறவன் மூட்டை சுமந்த கூலிக்காரன். மூட்டைக்குக் காசு போட்ட முதலாளியின் வாசனை நாய்க்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. 2013இல் 200 கிலோவுக்கும் மேல் ஹெரோயினோடு கொழும்பில் ஒரு கொள்கலன் அகப்பட்டது. அதற்குச் சலுகை கேட்டு எழுதிய கடிதம் பிரதமர் அலுவலகத்திலிருந்து போயிருந்தது. 2020இல் பொலிஸ் போதைப்பொருள் ஒழிப்புப் பணியகத்து அதிகாரிகளே கைதானார்கள். பிடித்த சரக்கைக் கடத்தல்காரருக்கே விற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. உன் நாய் அந்த அலுவலகத்துக்குள் ஒரு நாள் நுழைந்திருந்தால் எந்த மேசைக்கு முன்னால் உட்காருவது என்று தெரியாமல் தவித்திருக்கும்.

பாடத்தின் கடைசிப் பகுதிதான் ருசியானது. யுக்தியவை நடத்தியவர் அப்போது பதில் பொலிஸ் மா அதிபராக இருந்த தேசபந்து தென்னகோன். ஒரு சந்தேகநபரைச் சித்திரவதை செய்த வழக்கில் அவர் அடிப்படை உரிமையை மீறினார் என்று உயர் நீதிமன்றம் சொன்னது 2023 டிசம்பர் 14ஆம் தேதி. மூன்று நாள் கழித்து யுக்திய. அடுத்த பெப்ரவரியில் பதவி நிரந்தரம். பிறகு வெலிகமவில் நடந்த ஒரு துப்பாக்கிச் சூடு பற்றிய வழக்கில் அவரைக் கைதுசெய்ய மாத்தறை நீதவான் உத்தரவிட்டார், 2025 பெப்ரவரி கடைசியில். ஆளைக் காணோம். நாடு முழுக்க நாயை அனுப்பியவரை நாடு முழுக்கத் தேடினார்கள். ஒரு மூக்குக்கும் அகப்படவில்லை. மார்ச் 19ஆம் தேதி அவராகவே நீதிமன்றத்துக்கு வந்தார். இதற்கிடையில் அவர் வீட்டைச் சோதித்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட மதுப் போத்தல்கள் இருந்ததாக அமைச்சர் பாராளுமன்றத்தில் சொன்னார். ஆகஸ்டில் பாராளுமன்றத்தின் 177 வாக்குகளால் பதவி போனது, எதிர்த்து ஒரு வாக்கும் இல்லை.

இவ்வளவு கேட்டும் போவேன் என்றால், போ. நாய் மேல் ஒரு குற்றமும் இல்லை. நல்ல கையாளுநர் இந்த நாட்டுக்கு வேண்டும். பயிற்சியில் ஒளித்துவைத்த இடத்தை உனக்கே சொல்லாமல் வைக்கச் சொல். ஒன்றுமே ஒளிக்காத அறைக்குள்ளும் அனுப்பச் சொல். உச்சி வெயிலில் இரைக்கிற நாய்க்கு மோப்பம் பாதிதான். கமராக்காரன் வந்துவிட்டான் என்பதற்காக அதை இழுத்துக்கொண்டு ஓடாதே. இதோடு ஒரு கொப்பி வாங்கு. நாய் எங்கே உட்கார்ந்தது, அங்கே என்ன கிடைத்தது, அந்த வீட்டுக்கு உன்னை அனுப்பியது யார் என்று தேதி போட்டு எழுது. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் ஒம்புட்ஸ்மன் 2006இல் அப்படி ஒரு கணக்கைப் பார்த்தார். 10,211 தடவை நாய் காட்டியதில் போதைப்பொருள் கிடைத்தது 26 சதவீதத்தில்தான். அங்கே கணக்காவது வெளியே வந்தது. இங்கே கைதானவர்களின் தொகையை இரவுச் செய்தியில் வாசிப்பார்கள். வெறுங்கையோடு திரும்பிய வீடுகளின் தொகையை யாரும் வாசிப்பதில்லை. நீ எழுது. அந்தக் கொப்பியை மேலதிகாரி கேட்டால் பிரதி எடுத்துவிட்டுக் கொடு. பறித்துக்கொண்டால், நாய் சரியான இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்.