கல்யாண வீடியோவில் புணர்ச்சி விதிகள்: ஓர் ஆய்வு

தலைப்பை நம்பி வந்தவர்கள் ஏமாறுவார்கள். ஒன்பதாம் வகுப்பில் தமிழாசிரியர் இந்தச் சொல்லை உச்சரித்தபோது கடைசி பெஞ்சில் சிரித்த கூட்டத்தில் ஆய்வாளனும் இருந்தான் என்பதை ஆய்வு நேர்மை கருதி முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இங்கே பேசப்படுவது இலக்கணப் புணர்ச்சி. நிலைமொழியும் வருமொழியும் கூடுவதுபோல, எடிட்டரின் டைம்லைனில் நிலைக்கிளிப்பும் வருகிளிப்பும் கூடுகின்றன. அந்தச் சந்தியில் நடப்பதே ஆய்வுப் பொருள். தரவு: எங்கள் வீட்டு பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில், அந்துருண்டை வாசனையோடு கிடைத்த நான்கு கல்யாண டிவிடிகள்.

இரண்டு கிளிப்புகளை அப்படியே அடுத்தடுத்து வைத்தால் கட். பொன்னும் மலையும் சேர்ந்து பொன்மலை ஆவதுபோல எதுவும் கூடவில்லை, குறையவில்லை. இயல்புப் புணர்ச்சி. ஒருவர் உட்காரப் போகும்போது வெட்டி, உட்காரும் அசைவிலேயே அடுத்த ஷாட்டைத் தொடங்கினால், கண் அசைவின் பின்னால் போய்விடும், வெட்டு தெரியாது. 'அபோகலிப்ஸ் நவ்' படத்தின் எடிட்டர்களில் ஒருவரான வால்டர் மர்ச், கட்டைக் கண் இமைப்போடு ஒப்பிட்டுத் தனிப் புத்தகமே எழுதினார். எங்கள் ஊர் வீடியோக்காரர் அதைப் படித்ததில்லை. படித்திருந்தாலும் ஏற்றிருக்க மாட்டார். கண்ணுக்கே தெரியாத வேலைக்கு எந்தப் பெண்ணின் அப்பா காசு கொடுப்பார்?

ஆகவே விகாரம். பவணந்தியார் 13ஆம் நூற்றாண்டிலேயே இதைத் தோன்றல், திரிதல், கெடுதல் என்று மூன்றாக வகுத்துவிட்டார். வாழைக்கும் பழத்துக்கும் நடுவே 'ப்' தோன்றுவதுபோல, மாப்பிள்ளையின் தம்பிக்கும் தாம்பூலத் தட்டுக்கும் நடுவே எங்கிருந்தோ ஒரு ரோஜா தோன்றி, இதழ் விரித்து, சுழன்று மறைகிறது. இது தோன்றல். நீண்டுகொண்டே போன மந்திரத்தின் நடுப்பகுதியை வெட்டியதால், உட்கார்ந்த இடத்திலேயே ஐயரின் தலை இடமிருந்து வலமாகத் துள்ளினால் கெடுதல். இதையே 1960இல் கோதார் 'ப்ரெத்லெஸ்' படத்தில் செய்தபோது புதிய அலை என்று கொண்டாடினார்கள். எங்கள் வீடியோக்காரருக்குத் தர வேண்டிய பாக்கிப் பணத்தைச் சித்தப்பா பிடித்துக்கொண்டார்.

திரிதல் என்பது டிசால்வ். போகிற படம் 100 சதவீதத்திலிருந்து பூஜ்யத்துக்கு இறங்க, வருகிற படம் பூஜ்யத்திலிருந்து 100க்கு ஏறும். பாதி வழியில் மணமகளின் நெற்றியில் சமையல்காரர் ரசம் கலக்கிக்கொண்டிருப்பார். ஜார்ஜ் மெலியே 1899இலேயே 'சின்ரெல்லா'வில் காட்சிகளை இப்படிக் கரைத்திருக்கிறார். ஃபிலிம் காலத்தில் இதற்கு லேபின் ஆப்டிகல் பிரிண்டரை நம்பிக் காத்திருக்க வேண்டும். இன்று ப்ரீமியரில் கண்ட்ரோலையும் டி-யையும் சேர்த்து அழுத்தினால் முடிந்தது. மலிவானதால் சாம்பார் வாளிபோல எல்லா இலைக்கும் போய்விட்டது. போகிற போக்கில் ஒலியைப் பற்றி ஒன்று: இரண்டு சத்தங்களை நேர்க்கோட்டில் ஏற்றி இறக்கினால், நடுவில் சுமார் 3 டெசிபல் பள்ளம் விழும். அதைத் தூர்க்கத்தான் 'கான்ஸ்டன்ட் பவர்' என்ற வகை இருக்கிறது. கெட்டிமேளம் நடுவில் இளைத்துப் போவதற்கு எப்போதும் தவில்காரரைக் குறை சொல்லக் கூடாது.

இனி இதயம். திரையின் மத்தியில் சிறிதாகப் பிறந்து, சிவப்பு ஓரத்தோடு விரிந்து, அடுத்த காட்சியைத் தன் வயிற்றுக்குள் காட்டுமே, அந்த வைப். நான்கு டிவிடிகளையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்ததில், அது காதலுக்காக வந்ததாக ஓர் இடம்கூடத் தேறவில்லை. கரண்ட் போன இடத்தில் வருகிறது. கேமராமேன் சாப்பிடப் போன இடத்தில் வருகிறது. சம்பந்திகள் குரலை உயர்த்திய இடங்களில் தவறாமல் வருகிறது.

மறைக்கத்தான் வைக்கிறார்கள். ஆனால் கருவியின் இயல்பு வேறு. நம் நாட்டு வீடியோவில் ஒரு விநாடிக்கு 25 ஃப்ரேம். ஒரு விநாடி டிரான்சிஷனை வெட்டின் நடுவே வைத்தால், அதில் ஏறக்குறைய பாதி, வெட்டுக்கு அப்பால், எடிட்டர் வேண்டாமென்று ஒதுக்கிய ஃபுட்டேஜிலிருந்து வர வேண்டும். இதற்கு ஹேண்டில் என்று பெயர். அது இல்லாவிட்டால் மென்பொருள் எச்சரித்துவிட்டு, கடைசி ஃப்ரேமையே திரும்பத் திரும்பக் காட்டும். ஓடிவந்த குழந்தை சிலையாகிவிடும். "தம்பி, உடனே ஆஃப் பண்ணாத, ரெண்டு செகண்டு ஓடட்டும்" என்று எடிட்டர்கள் கேமராமேனிடம் கெஞ்சுவது இதற்காகத்தான். கட் மறைத்ததை டிரான்சிஷன் அரை விநாடிக்குத் திறந்து காட்டிவிடுகிறது.

இதை எங்கள் குடும்பத்தின் தீராத வழக்கொன்றில் பொருத்திப் பார்த்தேன். 2004இல் அத்தை கல்யாணத்தில், இரண்டாம் பந்தியில் பாயசம் வராததால் பெரியப்பா இலையை வெளிப்பக்கமாக மடித்துவிட்டு எழுந்தார் என்பது மாப்பிள்ளை வீட்டார் கட்சி. உள்பக்கமாக, திருப்தியாகத்தான் மடித்தேன் என்பது அவர் கட்சி. பந்திக்கும் ரிசப்ஷனுக்கும் நடுவே, எதிர்பார்த்தபடியே, ஓர் இதயம்.

ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தினேன். பதின்மூன்றாவதில் வெட்டைத் தாண்டியாயிற்று. பத்தொன்பதாவதில் இதயம் திரையில் முக்கால்வாசியை விழுங்கிவிட்டது. மிஞ்சிய இடது கீழ் மூலையில் பெரியப்பாவின் வாட்ச் கட்டிய கை. கையில் இலை. இலை செங்குத்தாக நிற்கிறது. பிடித்திருப்பது தன் பக்கத்து விளிம்பையா எதிர்ப்பக்கத்து விளிம்பையா என்பது அந்தச் சிவப்பு ஓரத்துக்குள் போய்விட்டது. இருபதாவதில் மூலையும் இல்லை. ரிசப்ஷன் மேடையில் யாரோ கிரைண்டர் பரிசளிக்கிறார்கள்.

இன்னும் ஆறு ஃப்ரேம் கிடைத்தால் போதும். வீடியோக்காரரைத் தேடிப் போய் மூல டேப்பைக் கேட்டேன். அடுத்த முகூர்த்தத்திலேயே அதன் மேல் வேறொரு கல்யாணத்தை எடுத்துவிட்டாராம்.