மூன்று கிலோமீட்டர் கடலோடிகள்: பயணத் தொழில் குறித்து ஓர் ஆய்வு

அடிக்கடி பயணம் போகிற வேலைதான் வேண்டும் என்று நிற்கும் இளைஞர்களுக்கு, மலேசியாவின் பட்டர்வொர்த்தை ஒட்டிய மாக் மண்டினில் பஞ்சமில்லை. 1960களில் எழுந்த தொழிற்பேட்டையின் வேலிக்குள், ஒரே இயந்திரத்தின் முன்னால் ஆயுளைக் கழித்தவர்களின் ஊர் அது. பிள்ளைகளுக்கு ஊர் சுற்றும் ஆசை வருவதில் வியப்பில்லை. விமானப் பணியாளர், சரக்குக் கப்பல் மாலுமி, சிங்கப்பூர் வரை லாரி ஓட்டுபவர் என்று ஆசைப் பட்டியல் நீள்கிறது. மோட்டாரில் ஏறினால் எட்டிவிடும் தூரத்தில் இருக்கும் ஒரு கடல் தொழில் மட்டும் அதில் இடம்பெறுவதே இல்லை. அறிவுலகம் கண்டுகொள்ளாத இந்த அநீதியைக் களைவதே இவ்வாய்வின் நோக்கம். ஆய்வுப் பொருள், பட்டர்வொர்த்துக்கும் பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனுக்கும் இடையே ஓடும் ஃபெரியில் வேலை.

முதலில் இலக்கணம். கடல் கடந்து பொருள் தேடச் சொன்ன ஔவையார், எத்தனை கிலோமீட்டர் என்று குறிப்பிடவில்லை. ஃபெரிக்காரர் நுழைவது இந்த இடைவெளியில்தான். அவர் கடப்பது கடல், தேடுவது சம்பளம். இரண்டிலும் கலப்படமில்லை. கடலின் அகலம் சுமார் 3 கிலோமீட்டர் என்பது ஒரு சிறு விவரம்.

அடுத்து கணக்கு. ஒரு ஷிப்டுக்கு 12 முறை கடப்பதாக வைத்துக்கொள்வோம். (பெருக்க வசதியான எண் என்பதைத் தவிர இதற்கு வேறு ஆதாரம் இல்லை.) நாளுக்கு 36 கிலோமீட்டர். ஆண்டுக்கு 300 வேலை நாள் என்றால் 10,800. 24 வயதில் சேர்ந்து 60 வயதில் ஓய்வு பெறுபவர் மொத்தம் 388,800 கிலோமீட்டர் போயிருப்பார். நிலவுக்குச் சராசரித் தூரம் 384,400. அதாவது, பணி ஓய்வு விருந்து நடக்கும்போது ஆசாமி நிலவைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறார்.

பள்ளிக்கூட இயற்பியல் இங்கே குறுக்கிடும். தூரம் வேறு, இடப்பெயர்ச்சி வேறு. புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால் இடப்பெயர்ச்சி சுழி. 12 இரட்டைப்படை எண் என்பதால் நம்மவர் 36 ஆண்டுகளில் ஓர் அங்குலமும் நகரவில்லை என்றாகிறது. கடைசிக் கடப்பு ஒற்றைப்படையில் முடிந்தாலோ மோட்டார் ஒரு கரையில், ஆள் மறுகரையில்.

1894இல் குவா பெங் கீ என்பவர் தொடங்கிய இந்தச் சேவை, பெயர் வைப்பதில் காட்டிய நகைச்சுவையைத் தனியாக ஆராய வேண்டும். பழைய கார் ஃபெரிகளுக்குத் தீவுகளின் பெயர்கள்: புலாவ் காப்பாஸ், புலாவ் ராவா, புலாவ் தாலாங்-தாலாங். முதலாவது திரெங்கானு கடலில் இருக்கிறது, இரண்டாவது ஜொகூரில், மூன்றாவது சரவாக்கில். பெயரளவில் நாட்டையே வலம் வந்த இந்தக் கப்பல்கள், கார்களைச் சுமந்துகொண்டு இதே நீரிணையில்தான் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. 2020 முடிவில் கார்களை ஏற்றும் சேவை நின்றது. 2023 ஆகஸ்டில் வந்த புதிய நான்குக்கும் தெலுக் பகாங், தெலுக் கும்பார் என்று பினாங்குத் தீவின் விரிகுடாக்களின் பெயர்களே. லட்சியம் சுருங்கிவிட்டது, நேர்மை கூடியிருக்கிறது.

புறப்படாமலே பயணத் தொழில் நடத்துவதில் ஜார்ஜ்டவுனுக்கும் பழைய அனுபவம் உண்டு. 1907இல் கட்டிய மணிக்கூண்டு ரயில்வே கட்டடத்தில் டிக்கெட் கொடுத்தார்கள், தண்டவாளம்தான் இல்லை. டிக்கெட்டோடு ஃபெரி ஏறி அக்கரை போனால்தான் ரயிலைப் பார்க்க முடியும். நாசி கண்டார்க்காரர்களின் வரலாறு இதற்குத் தலைகீழ். கண்டார் என்பது காவடித்தண்டு. இரு முனையிலும் சோற்றையும் குழம்பையும் தொங்கவிட்டுத் தெருத்தெருவாக நடந்து விற்ற தமிழ் முஸ்லிம்களின் பிற்காலத்தவர், கடை போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். தண்டு பெயர்ப்பலகையில் மட்டும் நடக்கிறது.

‘ரஜூலா’வோடு ஃபெரியை ஒப்பிடலாமா என்று கேட்பார்கள். 1926இல் கட்டிய அந்தக் கப்பல் 1970களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. இங்குள்ள பல தமிழ்க் குடும்பங்களின் கதை அதன் மேல்தளத்தில்தான் தொடங்குகிறது. ஆனால் அதன் சிப்பந்தி வீட்டுச் சோறு சாப்பிட வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஃபெரிக்காரருக்கு ஷிப்டு முடிந்தால் போதும். பெண் பார்க்கும் படலத்தில் இந்த வேறுபாட்டின் மதிப்பு தெரியும். ஆய்வுக்கெனக் கற்பனை செய்த உரையாடல் ஒன்று:

“பையன் கப்பல்ல வேலக்கா.”

“ஐயோ, எத்தனை மாசத்துக்கு ஒரு தடவ கரைக்கு வருவான்?”

“இருபது நிமிசத்துக்கு ஒரு தடவ.”

கள ஆய்வுக்கு மாலை நேரமே உகந்தது. தீவில் வேலை முடிந்து திரும்பும் மோட்டார்கள், ஃபெரி கரையைத் தொடுவதற்குள்ளாகவே உறுமத் தொடங்கிவிடும். கயிறு கட்டுகிறவர் அந்தச் சத்தத்துக்குத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இரும்புப் பலகை தடாலென்று இறங்கும், ஹெல்மெட்டுகள் பாயும், ஒரு நிமிடம் டீசல் புகை மட்டும் மிஞ்சும். கயிறு கட்டுகிறவரும் அக்கரையிலிருந்து இக்கரை வந்தவர்தான். வெளிநாட்டிலிருந்து வந்தவனுக்குக் கிடைக்கும் வரவேற்பில் நூற்றில் ஒரு பங்கும் கிடையாது. சாக்லேட் வாங்கி வரவில்லையா என்று யாரும் கேட்பதில்லை என்பது ஒரு லாபம்.

எஞ்சியிருப்பது நிலவுப் பிரச்சினை. அவ்வளவு தூரம் போனவர் திரும்ப வேண்டாமா? தீர்வு பழைய கட்டண முறையிலேயே இருக்கிறது. கார் ஃபெரிக் காலத்தில் பட்டர்வொர்த் கரையில் மட்டும்தான் காசு வாங்கினார்கள். பெரியவர்களுக்கு 1 வெள்ளி 20 காசு. தீவிலிருந்து திரும்பி வர இலவசம். 1985இல் திறந்த பினாங்குப் பாலத்திலும் தீவுக்குப் போகிற பக்கம்தான் டோல். இந்த முன்மாதிரிகளின்படி, நிலவிலிருந்து மாக் மண்டினுக்குத் திரும்ப ஃபெரிக்காரர் ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை.