குழாய் மாமா

நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முந்தி வெளிநாட்டிலிருந்து வந்திறங்கும் மாமாக்கள் பல ரகம். காணி அளப்பிக்க வருபவர், மகனுக்குப் பெண் பார்க்க வருபவர், வந்த நாள்முதல் வெயிலைப் பற்றி மட்டும் பேசுபவர். அண்மையில் சேர்ந்த ரகம், குழாய் மாமா. இவருடைய பெட்டியில் சொக்கிலேற்றுக்குரிய இடத்தைக் கண்ணாடி முகமூடியும் மூச்சுக்குழாயும் தாரா வாத்தின் கால்போல இரண்டு றப்பர்ச் சப்பாத்தும் பிடித்திருக்கும். தங்கச்சி வீட்டுப் பிள்ளைகள் இதை இலேசில் மன்னிப்பதில்லை.

போன வருசம் வந்தவர் கொக்குவில்காரர். ஊரில் இருந்த காலத்தில் கடலில் கால் நனைத்தது ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் மட்டும். நீந்தப் பழகியது ரொறன்ரோவில், குளோரின் தண்ணியில். கடலுக்குள் முதன்முதல் தலை தாழ்த்தியது கியூபாவில். ஆகவே பொன்னாலைப் பாலம் தாண்டிக் காரைநகர் கசூரினாவுக்கு வான் போன வழியெல்லாம் கியூபாதான்.

பாக்கு நீரிணை ஆழமில்லாத கடல். கசூரினாவிலோ எவ்வளவு தூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்ட யோசிக்கும். சகல ஆயுதங்களோடும் இறங்கிய மாமா முழங்காலளவு தண்ணீரில் குப்புற மிதந்தார். அசைவில்லை. சவுக்கு மரத்தடியில் கச்சான் கொறித்துக்கொண்டிருந்த குடும்பமொன்று பதறியடித்து ஓடி வந்தது.

"அண்ணை! உயிரோட இருக்கிறியளோ?"

குழாயிலிருந்து புஸ்ஸென்று தண்ணி பீச்சியது. அதுதான் பதில்.

சாதாளைக்கு நடுவில் அவர் கண்டது ஒரு கடலட்டை. உடனே எழும்பி, பக்கத்தில் நின்ற பெடியனுக்கு விளக்கம்: "தம்பி, இது மண்ணைத் திண்டு, சத்தை எடுத்துக்கொண்டு, மண்ணைத் திருப்பிக் கழிக்கும். கடலைத் துப்புரவாக்கிற சீவன்."

"ஓமண்ணை. மூச்சு விடுறதும் பின்பக்கத்தாலதான். குழாய் தேவையில்லை."

பெடியனுக்கு வேலை அட்டைப் பண்ணையில். அட்டையை அவித்துக் காயவைத்துச் சீனத்து விருந்துக்கு அனுப்புவதுவரை அவனுக்கு அத்துப்படி.

அடுத்த நாள் பருத்தித்துறை. அங்கே வற்று நேரத்தில் முருகைக்கல் வெளியே தெரியும். இடையிலுள்ள குழிகளில் தண்ணீர் தேங்கி நிற்கும். என்னைக் கேட்டால், கடலைப் பார்க்க இதைவிட வசதியான இடமில்லை. குனிந்தாற் போதும்: குஞ்சு மீன், நண்டு, சிப்பி எல்லாம் வெறுங்கண்ணுக்கே தெரியும். மாமா விடவில்லை. முகமூடியை மாட்டிக்கொண்டு, சோற்றுச்சட்டி அகலக் குழியொன்றில் முகத்தைக் கவிழ்த்தார்.

"மஞ்சள் கோடு போட்ட மீனப்பா! என்ன வடிவு!"

"ஒட்டியோ, ஓராவோ? கூழுக்கு ஆகுமோ?" என்றார் மாமி.

வெயிலுக்குப் பூசும் களிம்பை மாமா முகத்துக்கு மட்டும் அப்பியிருந்தார். முகம் தண்ணிக்குள் குளிர்ந்து கிடக்க, வெந்தது முதுகு. பின்னேரம் நல்லூரில் சேட்டைக் கழற்றாமல் உள்ளே போக முடியாதே! தோலுரிந்து சிவந்த முதுகைக் கண்டு பின்னால் நின்ற பெரியவர் கைகூப்பாத குறை.

"காலமை பிரதட்டையோ தம்பி?"

மாமா கியூபாவைப் பற்றி மூச்சு விடவில்லை.

"ஓமண்ணை, நேர்த்தி."